மருந்துப் பெரட்டு

அரசாங்கம் ஒரு காரியத்தை விரிவாக்கப் போகிறது என்று கேள்விப்பட்டால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்திக்கொள்வார்கள். ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்து ஜீவராஜுக்கு அந்த விவரம் போதாது. கொட்டகலைக் கடைவீதியில் ஒட்டியிருந்த சுவரொட்டியை இரண்டு தடவை வாசித்துவிட்டு அவன் சந்தோஷப்பட்டான்.

"போதை மீட்சி மருந்துச் சிகிச்சை இனி உங்கள் வாசலில். வாய்ப்பை விரிவாக்குவோம், வாழ்வை விரிவாக்குவோம்" என்று சுவரொட்டியில் இருந்தது. கீழே இரண்டு கைகள் ஒரு சூரியனைத் தாங்கிக்கொண்டிருந்தன. போதைக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்கச் சுவரொட்டி என்றால் ஒரு சூரியன் இருக்கத்தான் செய்யும்.

ஜீவராஜுக்கு முப்பத்தொரு வயது. கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் ஆறு வருடம் மூட்டை இறக்கினான். முதுகுவலிக்கு நல்லது என்று அங்கே ஒரு கூட்டாளி கொடுத்த தூள், முதுகுவலியோடு சேர்த்துச் சம்பளத்தையும் கைபேசியையும் கல்யாண மோதிரத்தையும் கொண்டுபோனது. தூள் என்றால் ஹெரோயின். ஆள் பாதியாகி ஊருக்குத் திரும்பியவனை மனைவி நிஷாந்திதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் தாதியின் கண்முன்னால் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். அதை வைத்த நாளிலிருந்து உடம்பு தூளைக் கேட்கவில்லை. சீனி வியாதிக்காரருக்கு மருந்து எப்படியோ உனக்கு இது அப்படி, நாங்கள் சொல்லாமல் நிறுத்தாதே என்று டொக்டர் சொல்லியிருந்தார். பதினான்கு மாதமாக ஜீவராஜ் நிறுத்தவில்லை.

மாத்திரையில் ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் பஸ்ஸில் இருந்தது. விடிகிற நேரத்துப் பஸ்ஸில் டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, மாத்திரை கரைந்து, திரும்பி வர மணி பதினொன்றாகிவிடும். தோட்டத்தில் பெரட்டு ஏழு மணிக்கு. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது நிற்பவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. பிந்தி வந்தவனுக்கு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மனமிரங்கினால் அரைப்பேர் போடுவார், அதாவது அரை நாள் சம்பளம். இரங்காவிட்டால் அதுவும் இல்லை. பதினான்கு மாதத்தில் ஜீவராஜுக்கு ஒரு நாள்கூட முழுப்பேர் விழவில்லை. வரிசை வீடுகளான லயத்தில் அவனை "அரைப்பேர்" என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தூள் குடித்த காலத்தில்கூட அவனுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருந்ததில்லை.

ஆகவே அந்த மாத்திரை தோட்டத்து டிஸ்பென்சரிக்கே வந்துவிடும் என்று வாசித்தபோது அவன் கண் கலங்கினதில் தப்பில்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் காலையில் ஒரு மாத்திரை, அதற்குப் பிறகு ஒரு முழுப்பேர். இரண்டும் ஒரே நாளில்.

அடுத்த வாரமே போதை மீட்சி வாய்ப்பு விரிவாக்கப் பணியகத்தின் இணைப்பாளர் குகநேசன் வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து மனிதர், படித்தவர், பண்பானவர். யாரையும் அதட்டியதில்லை. படிவத்தில் உள்ளதைத் தவிர வேறெதையும் நம்புவதுமில்லை. டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான தாதி பிரியந்தி மிஸியையும், தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டியையும், நோயாளி என்ற முறையில் ஜீவராஜையும் உட்காரவைத்து, இது ஒரு வரலாற்றுத் தருணம் என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் ஒரு சிறு விஷயம் இருப்பதாகச் சொன்னார்.

"நிலையம் ஒண்டு திறக்கிறதெண்டால் ஆகக் குறைஞ்சது நாற்பது பயனாளிகள் வேணும். அதுக்குக் குறைஞ்சால் விரிவாக்கம் எண்டு சொல்லேலாது."

"எங்க தோட்டத்துல ஒருத்தர்தான் சேர் இருக்காங்க" என்றாள் பிரியந்தி மிஸி. "இவரு."

குகநேசன் ஜீவராஜைப் பார்த்தார். அந்தப் பார்வையில், நீ ஏன் தனியாகக் கெட்டுப்போனாய் என்ற மெல்லிய மனவருத்தம் இருந்தது. பிறகு, நோயாளிகள் இல்லாத இடமென்று ஒன்று இல்லை, அடையாளம் காணப்படாத நோயாளிகள்தான் உண்டு என்று பயிற்சிப் பட்டறையில் கற்றுத் தந்ததை எடுத்துச் சொன்னார். பத்து நாளில் மிச்சம் முப்பத்தொன்பது பேரை அடையாளம் காணாவிட்டால் நிலையம் வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்பதையும் பண்பாகவே தெரிவித்தார்.

ஜீவராஜ் தலைவர் பழனியாண்டியின் காலில் விழாத குறை. தலைவர் அவன் முதுகைத் தட்டி, இதெல்லாம் ஒரு விஷயமா என்று சொல்லிவிட்டு, நேரே கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கியைப் போட்டார். அறிவித்தது ஒரே வசனம். "டிஸ்பென்சரியில் பேர் எழுதுகிறார்கள்."

தோட்டத்து மக்களை அறியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. கூரைத் தகரத்துக்குப் பேர் எழுதினார்கள், கக்கூசுக்குப் பேர் எழுதினார்கள், ஏழு பேர்ச் காணிக்கும் தனி வீட்டுக்கும் மூன்று தலைமுறையாகப் பேர் எழுதினார்கள். எதற்கென்று கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்காமல் பேர் கொடுத்தவனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லைதான். ஆனால் அவன் பேராவது பட்டியலில் இருக்கிறது. எனவே, பேர் எழுதுகிறார்கள் என்று காதில் விழுந்தால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓடுவதும், எதற்கென்பதைத் திரும்பி வரும்போது விசாரிப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் டிஸ்பென்சரி வாசலில் நூற்றிருபது பேர் நின்றார்கள்.

பிரியந்தி மிஸி நேர்மையானவள். படியில் ஏறி நின்று, இது வீட்டுக்கும் தகரத்துக்கும் இல்லை, தூள் குடிக்கிற ஆட்களுக்கு மருந்து கொடுக்க எழுதுகிற பட்டியல் என்று தொண்டை கட்டும்வரை விளக்கினாள். கூட்டம் அசையவில்லை. இன்றைக்கு இதற்கென்று எழுதுவார்கள், நாளைக்கு வீடு வந்தால் இதே பட்டியலைத்தான் எடுப்பார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. நாற்பதோடு எழுத்தை நிறுத்தியபோது சண்டை வந்தது. தன் புருஷன் மட்டும் என்ன குறைந்துபோனவரா, ஊரெல்லாம் போதைக்காரராகும்போது அவரை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று ஒருத்தி அழுதே விட்டாள்.

பட்டியலில் ஏழாவதாக இருந்தவள் மீனம்மா. அறுபத்தெட்டு வயது. கொழுந்து பறிப்பிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது மூன்று ஆடு வளர்க்கிறாள். எத்தனை வருடமாகப் பாவிக்கிறீர்கள் என்பது படிவத்தில் இருந்த கேள்வி. வெற்றிலையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, குமரியாக இருந்த நாளிலிருந்து என்று சொல்லிவிட்டாள். மிஸி ஐம்பது வருடம் என்று எழுதி, குறிப்பு என்ற இடத்தில் "வெற்றிலை மட்டும்" என்றும் சேர்த்தாள். பணியகத்துக் கணினியில் ஐம்பது வருடத்துக்கு இடம் இருந்தது. குறிப்புக்கு இடம் இல்லை. மாகாணத்திலேயே மூத்த பயனாளி என்று மீனம்மாவின் படம் பணியகத்து முகநூலில் வந்தபோது, அவள் பேரன்மார் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

திறப்பு விழா விமரிசையாக நடந்தது. நாற்பது பேருக்கும் ஊதா நிற டீசேர்ட் கொடுத்தார்கள். நெஞ்சில் "நான் மீள்கிறேன்" என்று எழுதியிருந்தது. மேலே ஒரு சின்ன விமானம் வண்டு மாதிரி பறந்து படம் எடுத்தது. பயனாளிகள் எல்லோரும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, தங்களைத் தாங்களே மன்னித்துக்கொள்ளுமாறு கேட்கப்பட்டார்கள். எதற்காக மன்னிப்பது என்று புரியாவிட்டாலும் அவரவர்க்கு ஏதோ ஒன்று இருந்ததால் எல்லோரும் மன்னித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு மருந்துப் பெரட்டு ஆரம்பமானது. தோட்டத்தில் நாலு பேரை ஓரிடத்தில் நிறுத்தினால் பெரட்டு வைக்காமல் இருக்க முடியாது. தலைவர் பழனியாண்டி பேர் கூப்பிடுவார், வந்தவர் முன்னால் வந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார், மிஸி அடையாளம் போடுவாள். பிந்தி வந்தவருக்கு அரைப்பேர்.

ஒரேயொரு குறை, மருந்து வரவில்லை. ஜீவராஜுடைய கோப்பும் அவனுக்குரிய மூன்று மாத மாத்திரையும் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒழுங்காக மாற்றலாகி வந்துவிட்டன. மற்ற முப்பத்தொன்பது பேருக்கான மருந்து, டெண்டர் என்கிற கேள்விப்பத்திரம், மறுகேள்விப்பத்திரம் என்று கொழும்பிலேயே நின்றது. அதுவரை பொருத்தமான மாற்று ஏற்பாடு செய்யவும் என்று பணியகத்திலிருந்து கடிதம் வந்தது. பிரியந்தி மிஸி ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, முப்பத்தொன்பது பேருக்கும் ஆளுக்கொரு விட்டமின் மாத்திரை கொடுத்தாள். மாதாந்த அறிக்கையில் "முப்பத்தொன்பது பேருக்கு மருந்து வழங்கப்படவில்லை" என்று உண்மையையே எழுதி அனுப்பினாள். உண்மையை அறிக்கையில் எழுதிவிட்டால் பிறகு யாரும் அதைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

அந்த மூன்று மாதமும் ஜீவராஜ் மனிதனாக இருந்தான். ஆறரைக்கு மருந்துப் பெரட்டு, ஏழு மணிக்கு வேலைப் பெரட்டு. கண்டாக்கையா கூப்பிடும்போது "வந்திருக்கேங்க" என்று முழு நாளைக்கும் குரல் கொடுத்தான். மாலையில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர் விழும் பீலிக்குப் போனான். நிஷாந்தி தேத்தண்ணீரில் கேட்காமலே சீனி கூடப் போட்டாள்.

மூன்றாம் மாத முடிவில் மதிப்பீடு வந்தது. குகநேசன் ஒரு பெட்டி நிறைய சோதனை அட்டைகளோடு வந்தார். ஒவ்வொருவருடைய சிறுநீரிலும் அட்டையை நனைத்தால் ஆறு வகைச் சரக்குக்கு ஆறு கோடு விழும். கோடு விழுந்தால் உடம்பில் அது இல்லை, விழாவிட்டால் இருக்கிறது. ஆறாவது கோடு ஜீவராஜ் எடுக்கும் அந்த மருந்துக்கே உரியது. ஒழுங்காக மருந்து எடுப்பவனுக்கு அந்தக் கோடு விழாது, விழவும் கூடாது. இதெல்லாம் பெட்டிக்குள் ஒரு தாளில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. குகநேசன் வாசிக்காத தாள் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான், ஏனென்றால் இதற்குத் திகதியும் இல்லை, ஒப்பமும் இல்லை.

நாற்பது பேரும் குப்பியோடு வரிசையில் நின்றார்கள். முப்பத்தொன்பது அட்டையில் ஆறு கோடும் பளிச்சென்று விழுந்தன. ஐம்பது வருடப் பழக்கமுள்ள மீனம்மாவின் அட்டையைப் பார்த்தபோது இணைப்பாளருக்குக் குரல் தழுதழுத்தது. கடைசியாக ஜீவராஜின் அட்டை. ஐந்து கோடு.

"தம்பி, என்ன இது?" என்றார் குகநேசன்.

"அது மருந்துக் கோடு சேர்" என்று மிஸி குறுக்கிட்டாள். "அவரு ஒருத்தருதான் மருந்து எடுத்தாரு. மத்தவங்களுக்கு மருந்தே வரலன்னு மாசா மாசம் எழுதினேன்."

குகநேசன் கோப்பைப் புரட்டி, மிஸி எழுதியதை விரலால் தொட்டு வாசித்தார். முப்பத்தொன்பது பேருக்கு மருந்து வழங்கப்படவில்லை. முப்பத்தொன்பது பேரும் குணம். மருந்து வழங்கப்பட்டவர் ஒருவர். அவர் மட்டும் குணமாகவில்லை. குகநேசன் மெதுவாகத் தலையை உயர்த்தியபோது முகத்தில் ஒரு ஞானி தெரிந்தார்.

"மிஸி, நீங்கள் செய்திருக்கிறது எவ்வளவு பெரிய காரியம் எண்டு உங்களுக்கே விளங்கேல்லை" என்றார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை வெற்றி என்று பணியகம் அறிவித்தது. உலகத்தில் எந்த நாட்டிலும் மூன்று மாதத்தில் இப்படி நடந்ததில்லை என்றார்கள், அது உண்மைதான். முப்பத்தொன்பது பேருக்கும் "மீண்டவர்" என்று சான்றிதழ் கிடைத்தது. குணமானவர்களுக்கு நிலையம் எதற்கு என்பதால் ஊசிக்கல் நிலையம் கண்காணிப்பு நிலைக்கு மாற்றப்பட்டது. அதாவது, மீண்டவர்களில் யாராவது மறுபடி விழுந்தால் மட்டும் அவருக்கென்று இருபத்தெட்டு நாள் மருந்து வரும். ஜீவராஜ் "சிகிச்சைக்கு இணங்காதவர்" என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டான். இணங்காதவர் இரண்டு வருடத்துக்கு எந்தப் பட்டியலிலும் சேர முடியாது.

அவன் பழையபடி விடிகாலைப் பஸ்ஸைப் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனான். உன் கோப்பு ஊசிக்கல்லுக்குப் போய்விட்டதே என்றார்கள். ஊசிக்கல்லில் நீக்கிவிட்டார்கள் என்றான். அப்படியானால் நீக்கப்பட்ட கோப்பு அங்கே இருக்க வேண்டும், அது திரும்பி வராமல் இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அங்கிருந்து பணியகத்துக்கு நடந்து போய், குகநேசன் மேசைக்கு முன்னால் நின்றான். கடைசி மாத்திரை கரைந்து அன்றைக்கு இரண்டாவது நாள்.

குகநேசன் அவனை உட்காரச் சொன்னார், தேத்தண்ணீர் வரவழைத்தார், விதிக்கோவையை முழுக்கப் புரட்டினார். கடைசியில் ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். இணங்காதவராகத்தான் சேர முடியாது, புதிய நோயாளியாகச் சேரலாம். அதற்குச் சோதனையில் தூள் காட்டவேண்டும்.

"எனக்குத் தூளு காட்டாதுங்களே. நான் தொட்டு ஒன்றரை வருஷமாச்சே."

"அதுதான் பிரச்சினை."

"அப்ப நான் திரும்பத் தூளு அடிச்சா மாத்திரை குடுப்பீங்களா சேர்?"

குகநேசன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "உத்தியோகபூர்வமாய் நான் அப்பிடிச் சொல்லேலாது தம்பி. ஆனால் படிவத்தில அப்பிடித்தான் கிடக்கு."

அவர் முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்தை எங்கே எழுதுவதென்று படிவத்தில் இடம் இல்லாததால் அவர் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மூன்றாம் நாள் ஜீவராஜுக்குக் கொட்டாவி தொடங்கியது. பிறகு மூக்கொழுகல், பிறகு கால் எலும்புக்குள் குடைச்சல். வெயிலிலும் மயிர்க்கூச்செறிந்தது. வேலைக்குப் போக முடியவில்லை. காம்பரா அறையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவன், கைபேசியைத் தன்னிடமிருந்து எடுத்து ஒளித்துவைக்கும்படி நிஷாந்தியைக் கேட்டான். ஒரு நம்பரை அவன் எப்போதோ அழித்துவிட்டான், ஆனால் விரல் அதை மறக்கவில்லை. அவள் கைபேசியை மாவு டின்னுக்குள் போட்டு மூடி, டின்மேல் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு தூரம் வந்த ஒரு மனிதனை ஒரு கோடு இழுத்துத் தள்ளியதை நினைத்தால் கோபம் வராதவன் மனிதனில்லை.

ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு அந்த வழியாக வந்த மீனம்மா அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். வெற்றிலையை ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"மறுபடி விழுந்தவங்களுக்கு மருந்து வரும்னுதானே சொன்னாங்க? நான் விழுறேன்" என்றாள்.

"ஒங்களுக்கு எதுக்குங்க அந்தக் கெட்ட பேரு?" என்றாள் நிஷாந்தி.

"எம்பேரு இத்தன வருஷமா எத்தன லிஸ்டுல கெடக்கு. ஒண்ணுக்காவது ஒதவட்டும்."

மறுநாள் மீனம்மா ஊதா டீசேர்ட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்து, தான் மறுபடி விழுந்துவிட்டதாக முறைப்படி அறிவித்தாள். குகநேசன் பதறிக்கொண்டு ஜீப்பில் வந்தார். குப்பியைக் கேட்டார்கள், மீனம்மா கொடுத்தாள். அந்தக் குப்பி எங்கிருந்து வந்ததென்பது மீனம்மாவுக்கும் ஜீவராஜுக்கும் மட்டும் தெரியும். ஐந்து கோடு விழுந்தது. எந்தக் கோடு விழவில்லை என்று இம்முறையும் யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாளில் மீனம்மா பெயருக்கு இருபத்தெட்டு மாத்திரை வந்து சேர்ந்தது. மறுநாள் காலை பிரியந்தி மிஸி பேர் கூப்பிட்டாள், "மீனம்மா." ஜீவராஜ் முன்னால் வந்து நாக்கைத் தூக்கினான். வாழ்க்கையில் முதல்தடவையாக மிஸி அறிக்கையில் ஒரு பொய் எழுதினாள், அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

இருபத்தெட்டு நாள் கழிந்ததும் விதிப்படி மீனம்மா குணமாகிவிட்டாள். இனி வேறொருவர் விழ வேண்டும். தலைவர் பழனியாண்டி கோயிலில் கூட்டம் போட்டார். ஜீவராஜுக்காக விழுவதற்கு முப்பத்தெட்டுப் பேரும் தயார்தான். யார் முதலில் விழுவது என்பதில்தான் தகராறு. மீனம்மாவுக்கு முகநூலில் இரண்டாம் தடவையும் படம் வந்திருந்தது, ஆகவே இதில் மரியாதைப் பிரச்சினையும் கலந்துவிட்டது. மேல்லயத்துக்கு முதலிடம் கொடுத்தால் கீழ்லயம் ஒத்துக்கொள்ளாது. ஆண்களுக்குக் கொடுத்தால் பெண்கள் விடமாட்டார்கள். கடைசியில் தலைவர் ஒரு நீதியான தீர்ப்புச் சொன்னார். அகர வரிசை.

அப்படியாக அடுத்த மாதம் அமராவதி விழுந்தாள், அதற்கடுத்த மாதம் அன்னக்கிளி. பிறகு இந்திராணி, கருப்பாயி, காளிமுத்து, சரோஜா என்று மாதம் தவறாமல் ஒருவர் விழுந்து, இருபத்தெட்டாம் நாள் எழுந்தார். ஜீவராஜ் தினமும் ஒவ்வொரு பெயராகி மருந்து எடுத்து, ஏழு மணிக்குத் தன் சொந்தப் பெயரில் வேலைக்குப் போனான். அவன் உடம்பு தேறியது. குழந்தையைப் பாலர் பாடசாலையில் சேர்த்தார்கள். ஊசிக்கல் தோட்டம் அரசாங்கத்தை வென்றுவிட்டதாகத் தலைவர் பழனியாண்டி நினைத்தார், மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பட்டியலில் இடம் கிடைக்காமல் அன்றைக்கு அழுத பெண், தன் புருஷனுக்கும் ஒரு மாதம் தரும்படி கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள்.

எட்டாவது மாதம் பணியகம் ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. மடிக்கணினியோடு வந்த அந்தப் பட்டதாரிகள் மூன்று நாள் தங்கி, படம் கீறி, சதவீதம் போட்டு, கடைசியில் அசந்துபோனார்கள். மருத்துவ உலகம் இதுவரை கவனிக்காத ஓர் உண்மையைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டதாக அறுபது பக்கத்தில் எழுதினார்கள். தோட்டப்புறங்களில் போதை நோய் அகர வரிசையில் பரவுகிறது. முதலில் விழுந்த மீனம்மா மட்டும் விதிவிலக்கு, ஐம்பது வருடப் பழக்கத்தினால் அவள் வரிசையை முந்திவிட்டாள்.

அறிக்கையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இனி மாவட்டம் முழுவதும் மருந்துச் சிகிச்சை விஞ்ஞான முறைப்படி விரிவாக்கப்படும் என்று புதிய சுவரொட்டி வந்தது. ஆபத்து கூடியவர்களுக்கு முதலில் மருந்து. இந்த வருடம் அ முதல் ஔ வரை பெயருள்ளவர்களுக்கு. அடுத்த வருடம் ககர வரிசை. அதற்குப் பிறகு சகரம். இப்படியே படிப்படியாக. டவுன் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களும் புதிய ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டார்கள். வரிசை வராதவர்களுக்கு மருந்து நிறுத்திவைக்கப்பட்டது.

இந்தச் செய்தி ஊசிக்கல்லுக்கு வந்தபோது, கண்காணிப்பு நிலையத்துக்குப் புதிய ஒழுங்கு பொருந்தாது என்பதால், அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் சின்னத்தம்பியின் முறை, அவர் முடி வெட்டிக்கொண்டு படத்துக்குத் தயாராக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீவராஜுக்கு ஓர் அழைப்பு வந்தது. ராகலையிலிருந்து வினோஜன். டவுன் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் ஒரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை கரைத்தவர்கள் இருவரும். வினோஜனுக்கு இருபத்தாறு வயது, மரக்கறி லொறியில் வேலை. இரண்டு வருடம் சுத்தமாக இருந்தவன்.

"அண்ணே, எனக்கு மருந்த நிப்பாட்டிட்டாங்க" என்றான். குரல் கனத்திருந்தது. "வ-வரிசை வர இன்னும் பத்து வருஷமாவது ஆகுமாம். அ-வுல தொடங்குற பேரா மாத்திக்கிட்டா இந்த வருஷமே கெடைக்கும்னு ஆபீசுல சொன்னாங்க. பேரு மாத்த கிராம சேவகர் கடிதம் வேணுமாம். கடிதத்துக்கு வீட்டு இலக்கம் வேணுமாம். லயத்துக்கு எங்கண்ணே இலக்கம்?"

ஜீவராஜ் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். பக்கத்தில் நிஷாந்தி குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எங்கேயோ ஒரு தோட்டத்துல ஆளுங்க அகர வரிசைல விழுந்தாங்களாம், அதனாலதான் இந்தச் சட்டமாம். அது எந்தத் தோட்டம்னு தெரியுமாண்ணே ஒங்களுக்கு?"

"வினோஜா, நீ இப்ப எங்கடா இருக்க? தனியாவா இருக்க?"

"வீட்டுலதாண்ணே. நாலு நாளு தாங்கினேன். நேத்துத் தாங்க முடியல, அந்தத் தூள்காரனுக்குக் கோல் பண்ணிட்டேன்." வினோஜன் தொடர்ந்தான். "பத்து நிமிஷத்துல லயத்து வாசலுக்கே வந்துட்டாண்ணே. இலக்கம் கேக்கல. பேரு கூடக் கேக்கல."